அச்சு முறிந்தால் பழி டிரைவர் தலையிலா?

"வண்டி ஓட்டத் தெரியவில்லை, அதனால்தான் பின் ஆக்ஸில் போய்விட்டது!"

இந்த வசையைக் கேட்காத பிக்கப் டிரைவர் தமிழ்நாட்டில் உண்டா? இருந்தால் அவர் நேற்றுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தவராக இருக்க வேண்டும். மண்டி முதலாளி சொல்கிறார். பழைய வண்டியைத் தலையில் கட்டிய தரகர் சொல்கிறார். கடன் கொடுத்த பைனான்ஸ்காரர் சொல்கிறார். சில சமயம் பட்டறை மெக்கானிக்கும் சேர்ந்து தலையை ஆட்டி வைக்கிறார். நாலு பேர் கூடிச் சொன்னால் புளுகும் வேதவாக்காகி விடுகிறது. கடைசியில் அடிபட்டவரே, "நமக்கு இந்த வண்டி ராசியில்லை" என்று நம்பத் தொடங்கி, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார்.

ராசிதான் காரணமா? கைதான் காரணமா? நிதானமாகப் பார்ப்போம். ஒரு இரும்புத் தண்டின் கதைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தத் தண்டின் மேல்தான் ஒரு குடும்பத்தின் சோறு ஏறி உட்கார்ந்திருக்கிறது. சாலையில் எதிரே வருகிறவரின் உயிரும் அதை நம்பியே இருக்கிறது.

ஒரு வண்டியின் வரலாறு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றும் ஒரு டிரைவரை நாம் அறிவோம். கூலிக்கு ஓட்டி ஓட்டிச் சலித்துப் போய், 2023ல் ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக வாங்கினார். மனைவியின் நகை முன்பணம் ஆயிற்று. மீதிக்குக் கடன், மாதத் தவணை. வண்டி பளபளவென்று இருந்தது. புதுப் பெயிண்ட், புது தார்ப்பாய், பின்னால் "முயற்சி திருவினையாக்கும்" என்று எழுத்து.

நாலாவது மாதம் இடது பின் சக்கரத்தில் உறுமல் கேட்டது. பேரிங் மாற்றினார். ஆறே வாரத்தில் அதே சக்கரத்தில் எண்ணெய் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்தது. ஆயில் சீல் மாற்றினார், லைனிங்கும் மாற்றினார். தீபாவளிச் சமயம், கைக்கு நாலு காசு கிடைக்கும் நேரம் பார்த்து, ஆக்ஸில் தண்டே முறிந்தது. நல்ல வேளை, மேட்டில் மெதுவாக ஏறிக் கொண்டிருந்தபோது முறிந்தது. வழியில் கிடந்த தக்காளி அழுகியது. அழுகிய சரக்கின் விலையை வாடகையில் பிடித்துக் கொண்டார்கள். புது ஆக்ஸில் போட்டார். மூன்று மாதம் ஆயிற்று. மறுபடியும் அதே இடது பக்கம், அதே உறுமல்!

ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு ஒன்றுதான்: "ஓட்டும் லட்சணம் அப்படி."

நாம் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறோம். டிரைவரின் கைதான் காரணமென்றால், அந்தக் கை இடது சக்கரத்தை மட்டும் குறிவைத்து எப்படி உடைக்கும்? ஒரே பெடல், ஒரே கிளட்ச், ஒரே கியர். வலது சக்கரத்துக்கு ஒரு டிரைவர், இடது சக்கரத்துக்கு ஒரு டிரைவர் என்று வைத்தா ஓட்டுகிறார்கள்? ஒரே பக்கம் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் கோளாறு அந்தப் பக்கத்து இரும்பில் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கும் விளங்கக் கூடிய இந்த விஷயம் கனவான்களுக்கு மட்டும் விளங்கவில்லை.

இரும்பும் களைத்துப் போகும்

அச்சு முறிவது புதிய விஷயமில்லை. 1842 மே 8ந் தேதி, வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக் கொண்டிருந்த ரயிலின் முன் எஞ்சினில் ஒரு அச்சு முறிந்தது. பின்னால் வந்த எஞ்சின் அதன் மேல் ஏறிற்று. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டி வைப்பது அன்றைய வழக்கம். உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் வெந்து மாண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நேற்று வரை ஒழுங்காக ஓடிய அச்சு இன்று ஏன் முறிந்தது என்று ஐரோப்பாவின் இன்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள்.

அதற்குத் தெளிவான விடை சொன்னவர் ஆகஸ்ட் வோலர் என்ற பிரஷ்ய ரயில்வே இன்ஜினீயர். 1850களில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் அச்சுகளைச் சுழலும் பொறியில் பூட்டி, லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துப் பார்த்தார். அவர் கண்டது என்ன? ஒரே தடவையில் உடைக்கப் போதாத பாரமும், திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பை உடைத்துவிடும். பாரம் கூடக் கூட, எத்தனை சுற்றில் முறியும் என்ற எண்ணிக்கை மளமளவென்று குறையும். பாரம் ஓர் அளவுக்குள் இருந்தால் அச்சு மிக நீண்ட காலம் உழைக்கும். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

பிக்கப் வண்டியின் பின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடினால் ஒரு லட்சம் சுற்று. நம்முடைய சிறு வண்டிகள் பலவற்றில் ஆக்ஸில் தண்டுக்கு இரண்டு வேலை. சக்கரத்தைச் சுற்றிவிடவும் வேண்டும், வண்டியின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும். பெரிய லாரிகளில் அப்படி இல்லை. அங்கே பாரத்தைத் தாங்குவது வெளிக்குழாயான ஹவுசிங். தண்டுக்குச் சுற்றிவிடும் வேலை மட்டுமே. ஆகையால்தான் லாரியில் சக்கரம் மாட்டியபடியே இருக்க ஆக்ஸிலை உருவி எடுக்க முடிகிறது. சிறு வண்டியில் தண்டு வெளிமுனையில் முறிந்தால் சக்கரமே கழன்று தனியாக ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்டு ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. நாள் ஒன்றுக்கு லட்சம் தடவை! எங்கோ ஒரு மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. மாதக் கணக்கில் உள்ளே உள்ளே போய், மிச்சமிருக்கும் இரும்பு தாங்காத அன்று "டக்" கென்று முடிந்துவிடுகிறது.

முறிந்த தண்டின் முகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் கிளிஞ்சல் ஓட்டின் மேல் இருக்கும் வரிகளைப் போல் வழவழவென்று இருக்கும். அது பழைய வெடிப்பு. மறு பக்கம் சர்க்கரையை உடைத்தது போல் சொரசொரவென்று இருக்கும். அது கடைசி நாள் முறிவு. அந்தக் கடைசி நாளில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவர் மேல் முழுப் பழியையும் போடுவது எப்படி இருக்கிறது? பத்து வருஷம் கரையான் அரித்த உத்தரம் விழும்போது கீழே படுத்திருந்தவனைப் பிடித்து, "நீ ஏன் இங்கே படுத்தாய்?" என்று கேட்பது போல் இருக்கிறது.

மூட்டைக் கணக்கு

பழைய வெடிப்பு எங்கிருந்து வந்தது? மண்டியிலிருந்து வந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை. மற்றது பாரத்தோடு வண்டி இருக்கலாம் என்று அனுமதித்த எடை. இரண்டையும் கழித்தால் ஏற்றக் கூடிய பாரம் வந்துவிடுகிறது. முக்கால் டன் வண்டி என்றால் 50 கிலோ வெங்காய மூட்டை 15 ஏற்றலாம்; அந்தப் பதினைந்தில் டிரைவரும் கிளீனரும் அடக்கம் என்று பார்த்தால் இன்னும் இரண்டு மூன்று குறையும். மண்டியில் என்ன நடக்கிறது? முப்பது மூட்டை ஏறுகிறது. "இதுக்குப் பேரே குட்டி யானை அய்யா, தாங்கும்!" என்கிறார்கள். பெயர் வைத்தால் தாங்கிவிடுமா? பிள்ளைக்கு பீமன் என்று பெயர் வைத்துவிட்டு மலையைத் தூக்கச் சொல்வார்களா?

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. காலி வண்டியில் பின் அச்சின் மேல் 400 கிலோ இருக்கிறது என்றும், அனுமதித்த முக்கால் டன்னில் 600 கிலோ பின் அச்சுக்கு வருகிறது என்றும் வைத்துக் கொள்வோம். மொத்தம் 1,000 கிலோ. சரக்கை இரட்டிப்பாக்கினால் பின் அச்சில் 1,600 கிலோ. "இரட்டிப்புக் கூட இல்லையே, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தானே?" என்று மண்டி முதலாளி சந்தோஷப்படலாம். அவசரப்பட வேண்டாம். லுண்ட்பர்க், பால்ம்கிரென் என்ற இரண்டு சுவீடன் நாட்டு நிபுணர்கள் 1947ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. உலகத்துப் பேரிங் தொழிற்சாலைகள் எல்லாம் அதை அடிப்படையாகக் கொண்டவை. அதன்படி குண்டு பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிராகக் குறைகிறது. 1.6ஐ மூன்று தடவை பெருக்கினால் நாலுக்கு மேல் வருகிறது. நாலு வருஷம் உழைக்க வேண்டிய பேரிங் ஒரு வருஷம் கூட உழைக்காது! உருளை பேரிங்குக்கு நஷ்டம் இன்னும் அதிகம். இதுவும் சமதளத்துக் கணக்கு. குண்டும் குழியுமான ரோட்டில் பின் சக்கரம் குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு கணத்துக்கு அச்சின் மேல் விழும் பாரம் எவ்வளவோ கூடிவிடுகிறது.

அந்தக் குழியையும் யார் போட்டது? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் விசேஷமாக ரோடு போட்டு, அதில் இரவு பகலாக லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சுப் பாரம் கூடினால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய நான்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது என்று கண்டார்கள். மேலே சொன்ன அதே 1.6 மடங்குப் பாரம் ரோட்டை ஆறரை மடங்கு சேதப்படுத்தும். ஆக, அதிகப் பாரம் ரோட்டை உடைக்கிறது. உடைந்த ரோடு அச்சை உடைக்கிறது. அச்சுக்குப் பணம் கொடுப்பது டிரைவர், ரோட்டுக்குப் பணம் கொடுப்பது ஜனங்கள். இரண்டு நடையை ஒரு நடையாக்கி மிச்சம் பிடித்த வாடகை மட்டும் பத்திரமாக மண்டியின் இரும்புப் பெட்டியில்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விவசாயியிடம் வாங்கும்போது இந்த மண்டிக்காரர்களுக்கு எடை போடுவதில் இருக்கிற கெட்டிக்காரத்தனம் உலகப் பிரசித்தம். ஈரம் என்று கழிப்பார்கள், சாக்கு என்று கழிப்பார்கள். அதே மூட்டை வண்டியில் ஏறும்போது தராசுக்குத் திடீரென்று கண் குருடாகிவிடுகிறது. "பார்த்து ஏத்துப்பா" என்று ஒரே வார்த்தைதான். மறுத்தால்? பின்னால் வேறு வண்டி நிற்கிறது. தவணை தேதி அதற்கும் பின்னால் நிற்கிறது.

பட்டை சேர்த்தால் பலம் வருமா?

"ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை அதிகமாகப் போட்டிருக்கிறேன், இனி எவ்வளவும் தாங்கும்" என்று பெருமையாகச் சொல்லும் டிரைவர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது நமது கடமை: பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் தாழாது, அவ்வளவுதான். ஹவுசிங் அதே பழைய குழாய். பேரிங் அதே பேரிங். ஆக்ஸில் அதே தண்டு. முன்னே பாரம் அதிகமானால் வண்டியின் பின்புறம் தணிந்து, "போதும்" என்று எச்சரிக்கும். பட்டை சேர்த்தபின் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. ஸ்பிரிங் விறைத்துப் போவதால் குழியின் அடியும் முழுசாக அச்சுக்கு இறங்குகிறது. காய்ச்சல் பார்க்கும் கருவியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்கிற வைத்தியம் இது.

பழைய வண்டியை வாங்குகிறவர் இரும்பை மட்டும் வாங்கவில்லை. முந்திய சொந்தக்காரர் ஏற்றிய ஒவ்வொரு அதிக மூட்டையின் கணக்கையும் சேர்த்து வாங்குகிறார். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை; ஹவுசிங்குக்குள் எழுதியிருக்கிறது. தரகர் அதற்கு மேல் பெயிண்ட் அடித்துத் தருகிறார். "தகுதிச் சான்று இருக்கிறதே!" என்பார். புது வண்டிக்கு இரண்டு வருஷம், பிறகு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் என்று சான்று வாங்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சோதனையில் விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, புகை கக்குகிறதா என்று பார்ப்பார்களே தவிர, ஹவுசிங்கைத் திறந்து பல் தேய்ந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சத்தம் போடும் கிரவுன் பினியனில் தடித்த எண்ணெயை ஊற்றியும், மரத்தூளைக் கலந்தும் இரண்டு நாளைக்கு வாயை அடைத்து வைப்பது பழைய மோட்டார் வியாபாரத்தின் பழைய தந்திரம். மூன்றாம் நாள் சத்தம் திரும்பும்போது வண்டி கைமாறியிருக்கும். 2015ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை வண்டிகள் நீரில் மூழ்கின! ஹவுசிங்கின் மூச்சுக்குழல் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போனால் எண்ணெய் மோர் போலாகிவிடும், பேரிங் துருப்பிடிக்கும். மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்கிறவர், உள்ளே இருக்கும் மோரையும் சேர்த்தே விற்கிறார்.

வாங்குவதற்கு முன் ஹவுசிங்கின் எண்ணெய் அடைப்பானைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் மோர் நிறமா, அதில் மின்னும் தூள் இருக்கிறதா, கீழ் அடைப்பானின் காந்தத்தில் துண்டு துண்டாகச் சில் ஒட்டியிருக்கிறதா? மையாக அரைத்த இரும்புப் பசை கொஞ்சம் இருப்பது சகஜம். சில் இருந்தால் சகஜமில்லை. "அதெல்லாம் திறக்கக் கூடாது" என்று தரகர் தடுத்தால், பதில் கிடைத்துவிட்டது என்று எழுந்து வந்துவிடலாம்.

முறிந்ததை மாற்றுகிறார்கள், முறித்ததை விட்டுவிடுகிறார்கள்

இனி ஒட்டன்சத்திரத்து வண்டிக்கு வருவோம். நாலாவது தடவை கெட்டபோது, 2024ல், அவர் வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே இருந்த வயதான மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை ரிம்மின் முன் விளிம்பில் ஒரு தடவையும், அதே உயரத்தில் பின் விளிம்பில் ஒரு தடவையும் டேப் வைத்து அளந்தார். நேரான அச்சு என்றால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இடது பக்கம் ஹவுசிங் குழாய் வளைந்திருந்தது! எத்தனையோ வருஷத்துக்கு முன், எவரோ ஏற்றிய பாரத்தில், எந்தக் குழியிலோ வளைந்த குழாய். வளைந்த குழாயில் புதுப் பேரிங்கைப் போட்டால் அது கோணலாக உட்கார்ந்து சாகும். புது சீலைப் போட்டால் ஒரு பக்கம் தேய்ந்து கசியும். புது ஆக்ஸிலைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தேவைக்கு மேல் வளைந்து களைத்து முறியும். மூன்று பட்டறைகள் மூன்று தடவை பணம் வாங்கிக் கொண்டு, நோயாளியை விட்டுவிட்டு நோய்க்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கின்றன.

மெக்கானிக்குகளைப் பழிப்பது நமது நோக்கமல்ல. அவர்களும் உழைத்துப் பிழைக்கிறவர்கள். சாயந்தரத்துக்குள் வண்டி வெளியே போக வேண்டும் என்று நெருக்குகிறபோது அளந்து பார்க்க நேரம் ஏது? என்றாலும் சில விஷயங்களில் கண்ணை மூடிக் கொள்ள முடியாது. கிரவுனும் பினியனும் ஜோடியாக உராய்ந்து பொருந்தியவை; ஜோடியாகவே விற்கப்படுகின்றன. "பினியன் மட்டும் போதும், காசு மிச்சம்" என்று ஒன்றை மாற்றினால் இரண்டும் சேர்ந்து சாகும். பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்த்து, மை நடுவில் பதிகிறதா ஓரத்தில் பதிகிறதா என்று பார்த்து ஷிம் வைக்க வேண்டும். அதற்குப் பதில், கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று மூடிவிடுகிறார்கள். பினியன் நட்டுக்குக் கீழே நசுங்கிக் கொடுக்கும் வளையம் இருக்கிற வண்டிகளில், திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகப் போட வேண்டும். பழையதையே போட்டு உளியும் சுத்தியலும் கொண்டு நட்டை முடுக்குகிறார்கள். கிரவுன் பினியனின் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உராய்பவை. அதற்கென்று உள்ள ஜி.எல்.5 தர எண்ணெய்க்குப் பதில் கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் பல்லின் முகம் செதில் செதிலாக உரியும்.

எல்லாவற்றையும் விட அற்பமான ஒன்று அந்த மூச்சுக்குழல். ஹவுசிங்கின் தலையில் சுண்டு விரல் அளவில் இருக்கும். ஓட ஓட உள்ளே சூடேறிக் காற்று விரிகிறது. வெளியே போக அந்த ஒரு வழிதான். சேறு அடைத்துக் கொண்டால் காற்று சீலைத் தள்ளிக் கொண்டு எண்ணெயோடு வெளியே வருகிறது. சீலை எத்தனை தடவை மாற்றினாலும் கசிவு நிற்காது. காசு செலவில்லாமல் ஒரு கம்பியைவிட்டுச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும் விஷயம்! அதைப் பார்க்காமல் சீல் மேல் சீலாக மாற்றிய பில்களை ஒரு டிரைவர் நம்மிடம் கட்டாகக் காட்டினார்.

டிரைவர் மேல் தவறே இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். சேற்றில் ஒரு சக்கரம் சுற்ற, மற்றது நிற்க, ஆக்ஸிலேட்டரை அமுக்கிக் கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்கள் சூடேறிப் பற்றிக் கொள்ளும். மேட்டில் பாரத்தோடு கிளட்சைப் படாரென்று விட்டால் அந்த அடி நேராக ஆக்ஸிலுக்குப் போகும். யூ போல்ட் தளர்ந்து கிடப்பதைக் கவனிக்காமல் விட்டால் அச்சு இடம் பெயரும். கேட்கிற சத்தத்தைப் பாட்டுப் போட்டு அமுக்குகிறவர்களும் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று ஊளையிட்டால் கோளாறு கிரவுன் பினியனில் இருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமலாக இருந்து, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைப் பாருங்கள். இவற்றை டிரைவர் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் முப்பது மூட்டையை ஏற்றிவிட்டு, "கிளட்சை மெதுவாக விடு" என்று உபதேசம் செய்கிறவருக்கு அந்த உபதேசம் செய்ய என்ன யோக்கியதை?

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 113வது பிரிவு அனுமதித்த எடைக்கு மேல் ஓட்டக் கூடாது என்கிறது. 194வது பிரிவு தண்டனை சொல்கிறது. 2019 வரை 2,000 ரூபாயும் அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயுமாக இருந்த அபராதம், அந்த வருஷத் திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயுமாக உயர்ந்தது. அதிகச் சரக்கை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது. இறக்கும் கூலியும் குற்றவாளியைச் சேர்ந்தது. 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது: பணத்தை வாங்கிக் கொண்டு அதிகப் பாரத்தோடு ஓட அனுமதிக்கிற அதிகாரம் எந்த ராஜ்ய சர்க்காருக்கும் இல்லை, சரக்கை இறக்கியே ஆக வேண்டும்.

நல்ல சட்டம்தான். அபராதத்தின் கனத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. அது யார் முதுகில் இறங்குகிறது என்பதே நமது கேள்வி. 194வது பிரிவின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ஓட்டுகிறவரை மட்டும் அது சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. முப்பது மூட்டையை ஏற்றி, "போய் வா" என்று அனுப்பி வைத்த கனவான் ஓட்டச் செய்தவர் இல்லாமல் வேறு யார்? ஆனால் செக்போஸ்டில் நிறுத்தப்படுவது வண்டி. சீட்டு எழுதப்படுவது டிரைவர் பெயரில். மண்டிக்கு ஒரு தபால் கார்டு கூடப் போவதில்லை. சொந்த வண்டி ஓட்டும் ஏழைக்கு டிரைவர் என்ற அபராதமும், வண்டிக்காரர் என்ற ரிப்பேர் செலவும், கடன்காரர் என்ற தவணையும் மூன்றும் ஒரே தலையில்.

நாம் கேட்பது அதிகமில்லை. காய்கறியைக் கிலோ கணக்கில் நிறுத்து வாங்கும் ஒவ்வொரு மண்டியும், வண்டியில் ஏற்றிய மொத்த எடையைச் சரக்குச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவும் அதே சீட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். மார்க்கெட் வாசலில் எடை மேடை வைத்து, அளவுக்கு மேல் உள்ள மூட்டையை அங்கேயே இறக்கட்டும்; இறக்கும் கூலியை ஏற்றியவர் கொடுக்கட்டும். வாடகையை மூட்டைக் கணக்கில் பேசாமல் நடைக் கணக்கில், அனுமதித்த பாரத்துக்குக் கட்டுபடியாகும்படி பேசட்டும். வழியில் அச்சு முறிந்தால் அந்தச் சீட்டை எடுத்துப் பார்க்கலாம். பாரம் அளவுக்குள் இருந்ததா என்று அதுவே சொல்லிவிடும். டிரைவர்களும் இன்று முதலே ஒன்று செய்யலாம். ஏற்றிய மூட்டை எத்தனை, ஏற்றச் சொன்னவர் யார், தேதி என்ன என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். ஒருவர் மறுத்தால் பின்னால் வேறு வண்டி நிற்கும் என்பது உண்மைதான். பின்னால் நிற்கிற வண்டிக்காரரும் அதே நோட்டோடு நின்றால்?

"டிரைவர் கை சரியில்லை" என்று சொல்லும் மண்டி முதலாளிகளில் எத்தனை பேர் அந்த எடைச் சீட்டில் கையெழுத்துப் போட முன்வருகிறார்கள் என்று பார்ப்போம்.